"நல்லாயிருக்கு தம்பி" என்ற பதிலுக்கு அப்பால்: வீட்டுத் தொலைக்காட்சித் தகவல் பலகையை எப்படிச் சோதிப்பது?

கிளிநொச்சி மாணவன்

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் மாணவன். முன்னறையிலுள்ள ஸ்மார்ட் தொலைக்காட்சியில் வீட்டின் அன்றாட விபரங்களை ஒரே திரையில் காட்டும் தகவல் பலகை ஒன்றை, எனது இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, அன்ட்ரொயிட் ரீவி செயலி வடிவில் உருவாக்கியுள்ளேன். திரையில் மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தண்ணீர்த் தாங்கியின் மட்டம், இந்த மாதம் செலவான மின் அலகுகள், வானிலை, மின்வெட்டு அறிவித்தல், பிள்ளைகளின் ரியூசன் நேரங்கள், அம்மம்மாவின் கிளினிக் திகதி, வாய்க்காலில் எங்கள் தண்ணீர் முறை வரும் நாள், ரொறன்ரோ நேரம், இலண்டன் நேரம், கடைக் கணக்கு, கோயில் விசேடங்கள், குடும்பப் படங்கள் என எனக்குத் தோன்றிய எல்லாவற்றையும் அதில் வைத்தேன்.

பரந்தனிலுள்ள எங்கள் வீட்டிலும், விசுவமடுவில் மாமா வீட்டிலும், அயல்வீடு ஒன்றிலும் இதனைச் சோதித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இருபது நிமிடம் விளக்கமளித்து, றிமோட்டைக் கையில் கொடுத்து, அதன் பின்னர் கருத்துக் கேட்டேன். எல்லோரும் "நல்லாயிருக்கு தம்பி" என்றார்கள். மேற்பார்வையாளர் தந்த பத்துக் கேள்விப் பயன்பாட்டு வினாக்கொத்தின் தமிழாக்கத்திலும் புள்ளிகள் உயர்வாகவே வந்தன. ஆயினும் இரண்டு கிழமைகளின் பின்னர் செயலியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, மாமா வீட்டில் அதனை ஒருவரும் ஒரு தடவையேனும் திறந்திருக்கவில்லை. அயல்வீட்டில் இரண்டு தடவைகள் திறக்கப்பட்டிருந்தது. அதுவும் படங்கள் பார்ப்பதற்காகச் சின்ன மகன் திறந்தது.

நல்லது என்று சொல்பவர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை? சோதனையை நான் பிழையாகச் செய்தேனா, அல்லது பலகையே பிழையா? எழுத்தின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வவுனியா வடிவமைப்பாளர்

தம்பி, இரண்டுமே பிழை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் முதலில் சோதனையைப் பார்ப்போம், ஏனெனில் சோதனை சரியாக இருந்திருந்தால் பலகையின் பிழையை அதுவே உங்களுக்குக் காட்டியிருக்கும்.

இருபது நிமிடம் விளக்கிவிட்டுக் கருத்துக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தேநீர் கொடுத்து இருத்திய ஒரு பிள்ளையிடம், அதுவும் படிக்கிற பிள்ளையிடம், "இது எங்களுக்குத் தேவையில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீடு எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? நீங்கள் அளந்தது அவர்களுடைய விருந்தோம்பலை. அடுத்த முறை போகும்போது, இதை வேறொருவர் செய்தார் என்றும், குறைகளைக் கண்டுபிடித்துத் தருவதே உங்களுக்கு இடப்பட்ட வேலை என்றும் சொல்லுங்கள். உண்மையை மறைக்க மனமில்லையென்றால், அந்த வீட்டார் அறியாத உங்கள் நண்பர் ஒருவரை அனுப்புங்கள். நீங்கள் வாசலுக்கு வெளியே நில்லுங்கள்.

இரண்டாவதாக, எந்தவிதமான விளக்கமும் கொடுக்கக் கூடாது. "தண்ணீர்த் தாங்கிக் கட்டத்தைத் திறந்து காட்டுங்கள்" என்று கேட்டால் விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். "பின்னேரம் ஆறு மணி, பிள்ளைகள் குளிக்க வேண்டும், மோட்டர் போட வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று நிலைமையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் எழுந்து வெளியே போய்த் தாங்கியைத் தட்டிப் பார்த்தாரென்றால், அதுவும் ஒரு முடிவுதான். உதவி செய்யக் கை துடிக்கும்; கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு பாடநூல்கள் கூறும் முறை, தனியாக இருத்தப்பட்ட ஓர் அம்மாவிடம் அனேகமாகப் பலிக்காது. அவர் வெட்கத்துடன் மௌனமாகிவிடுவார். எனவே இருவராக இருத்துங்கள். அம்மம்மாவையும் பேரனையும் ஒன்றாக இருத்தினால், "அதில்லையடா, அங்காலை போ" என்ற பேச்சுத் தானாகவே வரும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அந்தப் பேச்சே சொல்லிவிடும்.

எத்தனை வீடுகள் போதும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்து பேர் போதும் என்ற புகழ்பெற்ற கருத்து, பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் பரவியது. ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்வார் என்ற கணிப்பின்படி, ஐந்து பேர் ஏறத்தாழ 85 சதவீதத்தை வெளிக்கொணர்வார்கள். ஆனால் அந்தக் கணிப்பு தனியாள் ஒருவர் ஒரு திரையின் முன் அமர்ந்திருப்பதை மனதில் வைத்தது. உங்களுடையது வீடு. ஆகவே ஐந்து பேர் என்பதை ஐந்து வீடுகள் என்று எடுத்துக்கொண்டு, திருத்தியபின் இன்னொரு சுற்றுப் போங்கள். ஒரே தடவையில் பதினைந்து வீடுகளுக்குப் போவதைவிட அது பயன்தரும்.

அந்தப் பத்துக் கேள்வி வினாக்கொத்து ஜோன் புறூக் 1986இல் உருவாக்கியதாக இருக்க வேண்டும். அதில் ஒன்றுவிட்டொரு கூற்று எதிர்மறையானது. எங்கள் பெரியவர்களில் பலர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சொல்லிச் செல்வதால், மொழிபெயர்ப்பில் புள்ளிகள் குழம்பும். அல்லது பக்கத்திலிருக்கும் நீங்கள் "இதற்கு இல்லை என்றுதானே போட வேண்டும்" என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். மேற்பார்வையாளருக்காக அதனை வைத்துக்கொள்ளுங்கள், முடிவெடுக்கப் பயன்படுத்த வேண்டாம்.

புதுக்குடியிருப்புத் திருத்துநர்

நான் படித்த வடிவமைப்பாளன் அல்லன். பதினைந்து வருடங்களாகத் தொலைக்காட்சி திருத்துகிறேன். எங்கள் வீடுகளிலுள்ள பெட்டிகளைப் பற்றிச் சில விடயங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் மடிக்கணினியில் 1920க்கு 1080 படப்புள்ளிகள் (திரையிலுள்ள ஒளிப்புள்ளிகள்) என்ற அளவில் வரைந்திருப்பீர்கள். இங்கே அதிகம் விற்பனையான 32 அங்குலப் பெட்டிகளில் பலவற்றின் திரை 1366க்கு 768 தான். உங்கள் படம் சுருக்கப்படும்போது மெல்லிய கோடுகள் மங்கும். ஆங்கில எழுத்துக்கு அது பெரிய இழப்பல்ல. தமிழில் முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளி, அதற்கடுத்து எகரத்தையும் ஏகாரத்தையும், இகரத்தையும் ஈகாரத்தையும் பிரித்துக்காட்டும் சிறு சுழி. ஆகவே மெல்லிய எழுத்துருவை விட்டுவிட்டு நடுத்தரத் தடிப்புள்ள ஒன்றை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதனைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். பெட்டியிலுள்ள எழுத்துருவை நம்பினால், மலிவான சில பெட்டிகளில் கொம்பும் காலும் இடம்மாறி வந்து நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

எழுத்தின் அளவை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போடலாம். தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க, எழுத்தின் உயரம் கண்ணில் ஒரு பாகையின் மூன்றில் ஒரு பங்கு கோணத்தையாவது அமைக்க வேண்டும். இந்திய உதவியுடன் இங்கே கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடிதான் என்பதால், அவற்றின் முன்னறையில் சுவரோரக் கதிரைக்கும் பெட்டிக்கும் இடையில் எட்டடி இருந்தாலே அதிகம். எட்டடியில் அந்தக் கோணத்துக்கு 14 மில்லிமீற்றர் உயரம் வரும். 32 அங்குலத் திரையின் உயரம் 40 சென்ரிமீற்றர். அதாவது எழுத்து, திரை உயரத்தின் இருபத்தெட்டில் ஒரு பங்கு. 1080 வரிப் படத்தில் அது 38 படப்புள்ளிகள். ஆனால் எழுத்துருவுக்கு நாம் கொடுக்கும் எண்ணுக்குள் மேலும் கீழும் வரும் குறிகளுக்கான இடமும் அடங்குவதால், 'ப' என்ற எழுத்து 38 உயரம் வர வேண்டுமானால் அந்த எண் 60ஐத் தாண்ட வேண்டும். வரிகளுக்கிடையே தமிழுக்கு வேண்டிய இடைவெளியையும் விட்டால், முழுத் திரையிலும் பத்து வரிதான் கொள்ளும். பன்னிரண்டு கட்டங்களை எங்கே வைப்பீர்கள்?

ஓரங்களையும் கவனியுங்கள். சில பெட்டிகள் படத்தைச் சற்றுப் பெருப்பித்து விளிம்பை வெட்டிவிடும். பக்கங்களில் 96, மேலும் கீழும் 54 படப்புள்ளிகள், அதாவது ஐந்து சதவீதம், வெறுமையாக விடுவதுதான் பழைய வழக்கம். றிமோட்டைப் பொறுத்தவரை, எங்கள் வீடுகளில் அது பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கும். பொத்தான் ஒரு தடவை அழுத்தினால் வேலை செய்யாது, பலமாக அழுத்தினால் இரண்டு தடவை பதியும். ஆகையால் தெரிவாகியிருக்கும் கட்டம் எதுவென்று நிறத்தால் மட்டுமன்றி அளவாலும் தெரிய வேண்டும். ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டால் திரும்புவது இலகுவாக இருக்க வேண்டும்.

உங்கள் பதிவேட்டில் ஒருவரும் திறக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பெட்டியைப் போட்டவுடன் பலகை தானாக வருவதில்லை அல்லவா? அன்ட்ரொயிட் 10 வந்ததிலிருந்து, பின்னணியிலிருக்கும் செயலி தானாகவே திரைக்கு வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நாடகம் பார்க்க வந்தவர் எதற்காகச் செயலிகளுக்குள் போய்த் தேடப் போகிறார்? அதனைத் திரைக்காப்பாக எழுதிப் பாருங்கள். ஒருவரும் றிமோட்டைத் தொடாமல் சில நிமிடங்கள் போனால் தானாகத் தெரியும்; அந்த வசதி அன்ட்ரொயிட் 4.2 முதலே இருக்கிறது, எல்லாப் பெட்டிகளும் அதற்கு இடங்கொடுக்காவிட்டாலும்.

ஆனால் இதற்காகப் பெட்டியை நாள் முழுவதும் போட்டுவைக்கச் சொல்லாதீர்கள். 32 அங்குலப் பெட்டி 45 வற் எடுத்தால், மேலதிகமாக ஐந்து மணித்தியாலம் ஓடுவதற்கு மாதம் ஏழு அலகு வரை செல்லும். வீட்டு மின்கட்டணம் 60 அலகைத் தாண்டினால் கணக்குப் போடும் படிமுறையே மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மின் அலகைக் காட்டும் பலகையே மின்கட்டணப் பட்டியலைக் கூட்டினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? மின்வெட்டுக் கட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை. மின்சாரம் நின்றபின் அதனை யார் பார்ப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முள்ளியவளை ஆசிரியை

திருத்துநரும் வடிவமைப்பாளரும் கூறியவற்றை ஏற்றுக்கொண்டு, வீட்டை நடத்துபவள் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முன்னறை என்பது பொது இடம். கிராம சேவையாளர் வருவார், சங்கத்துப் பெண்கள் வருவார்கள், கடைக்காரரே வந்து கதிரையில் இருப்பார். அவர் தலைக்கு மேலே கடைக் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று பெரிய எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தால், எங்கள் முகத்தை எங்கே வைப்பது? அம்மம்மாவின் கிளினிக் எந்த நோய்க்கானது என்பதும், மகளின் பரீட்சைப் புள்ளியும் அப்படித்தான். கைத்தொலைபேசியில் வைக்கக்கூடியது எது, சுவரில் வைக்கக்கூடியது எது என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திடமும் கேளுங்கள். சோதனைக்குப் போகும்போது ஒரு தடவையாவது அயலவர் ஒருவரை நடுவில் வரச்செய்யுங்கள். அப்போது அம்மா எந்தக் கட்டத்தைப் பார்த்து அவசரமாக அலைவரிசையை மாற்றுகிறார் என்பது, நீங்கள் கேட்டுப் பெறும் எந்தப் பதிலைவிடவும் தெளிவாக இருக்கும்.

மற்றது, இந்த விபரங்களை யார் பதிவது? தாங்கியில் உணரி இருக்கிறது, வானிலை இணையத்தில் இருந்து வருகிறது. ரியூசன் நேரம் மாறினால், கிளினிக் திகதி பின்போடப்பட்டால், கோயில் விசேடம் வந்தால், நான்கு அம்புப் பொத்தான்களை வைத்து எழுத்துக்கூட்டித் தமிழில் பதிவது யார்? அது பெரும்பாலும் அம்மாதான், அதுவும் அடுப்படியில் நிற்கும் நேரத்தில். நீங்கள் வீட்டுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அவருக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் பேனையால் ஒரு வட்டம் போட எனக்கு மூன்று விநாடி செல்லும். உங்கள் பலகை அதனுடன்தான் போட்டியிடுகிறது. பாவிப்பவருடைய நேரத்தை அளந்தது போல, பதிபவருடைய நேரத்தையும் அளந்தீர்களா?

ரொறன்ரோ நேரம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. மகன் அங்கே இருக்கிறான். ஆனால் அதனை நிலையான வித்தியாசமாக எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு ரொறன்ரோ மாறிவிடும், பிரித்தானியா மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. இடையிலுள்ள நாட்களில் உங்கள் இரண்டு மணிக்கூடுகளில் ஒன்று பிழைத்தால், பிள்ளையை வேலை நேரத்தில் அழைத்துவிடுவோம். நேரம் மாறுவதன் குழப்பம் வன்னியிலுள்ளவர்களுக்குப் புதிதல்ல. 1996இல் நாட்டின் மணிக்கூடு முன்னே தள்ளப்பட்டு 2006இல் திரும்பி வரும்வரை, இங்கே ஒருவர் மணி சொன்னால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று திருப்பிக் கேட்டுத்தான் பயணம் கிளம்புவோம்.

கிளிநொச்சி மாணவன்

மூவருக்கும் நன்றி. நான்கு கிழமைகளின் பின்னர் எழுதுகிறேன், இதற்கிடையில் ஐந்து வீடுகளில் புதிதாகச் சோதித்தேன். முதல் நாளில் செயலியையே கொண்டுபோகவில்லை. 32 அங்குல அளவில் வெட்டிய பெட்டி மட்டையில் தாள்களை ஒட்டித் தொலைக்காட்சியின் மேல் சாய்த்து வைத்தேன். நண்பன் ஒருவன் பேசினான், நான் விறாந்தையில் இருந்து குறிப்பெடுத்தேன். தாள் என்பதால் எல்லோரும் தாராளமாகக் குறை சொன்னார்கள். செலவழித்துச் செய்த பொருளைக் குறை சொல்வதற்குத்தான் தயங்கியிருக்கிறார்கள் போலும்.

தாங்கியைக் குறிக்க நீர்த்துளிப் படம் ஒன்றை வைத்திருந்தேன். மூன்று வீடுகளில் அதனை மழை என்று வாசித்தார்கள். ஓர் அம்மா, பாதி நிரம்பிய துளியைப் பார்த்து "இண்டைக்குக் கொஞ்ச மழைதான்" என்றார். இப்போது சீமெந்துத் தூண் மேல் நிற்கும் கறுப்புத் தாங்கியின் படமும், "மோட்டர் போட வேண்டும்" அல்லது "தண்ணீர் போதும்" என்ற வரியும் மட்டுமே இருக்கின்றன. சதவீத எண்ணை ஒருவரும் தேடவில்லை. முன்பு சிவப்பு, பச்சை என்று நிறத்தால் காட்டியதையும் சொல்லாகவே மாற்றிவிட்டேன்.

ஆசிரியை கூறிய பதிவு வேலைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிளினிக் திகதி ஒன்றை றிமோட்டால் பதிவதற்கு எங்கள் அம்மாவுக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் சென்றது. நடுவில் பால் பொங்கிவிட்டது. வட்ஸ்அப் குரற்பதிவு போலப் பேசிப் பதியலாம் என்று முதலில் எண்ணினேன், கூகுளின் பேச்சறிதலில் இலங்கைத் தமிழ் தனித்தெரிவாகவே இருக்கிறது. ஆனால் ஐந்தில் மூன்று வீடுகளின் றிமோட்டில் ஒலிவாங்கியே இல்லை. கடைசியில், நாட்காட்டித் தாளைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து அனுப்பினால் அந்தப் படமே பலகையில் தெரியுமாறு செய்தேன். மேற்பார்வையாளர் இதில் தொழினுட்பம் எங்கே என்று கேட்டார். அம்மா அதற்குப் பின் மூன்று தடவைகள் தானாகவே அனுப்பிவிட்டார் என்பதைத்தான் என்னால் பதிலாகக் கூற முடிந்தது.

கடைக் கணக்கும் மின்வெட்டும் போய்விட்டன. இப்போது நேரம், தாங்கி, நாட்காட்டிப் படம், ரொறன்ரோ அல்லது இலண்டன் நேரம் என்று நான்கே இருக்கின்றன; நாடகம் முடிந்து ஒருவரும் றிமோட்டைத் தொடாதபோது அவை தோன்றும். ஒன்றை மட்டும் நீங்கள் எவரும் எச்சரிக்கவில்லை: இரண்டு வீடுகளில் பகல் முழுவதும் தொலைக்காட்சியைப் பூவேலை செய்த துணியால் மூடிவைக்கிறார்கள். ஆகவே காலையில் பார்க்க வேண்டிய எதையும் அதில் வைப்பதில் பொருளில்லை என்று தெரிந்து, நாளைய விபரங்களை முதல்நாள் மாலையே காட்டுகிறேன்.

வவுனியா வடிவமைப்பாளர்

துணியை எடுக்கச் சொல்லாமல் நேரத்தை மாற்றினீர்களே, நல்லது. தண்ணீர் முறைக் கட்டத்தை எடுத்துவிட்டீர்களா? பட்டியலில் காணவில்லை.

கிளிநொச்சி மாணவன்

எடுத்துவிட்டேன், அண்ணா. மட்டைச் சோதனையில் அதனை எவரும் தொடவில்லை. ஆனால் நேற்றிரவு விசுவமடு மாமா தொலைபேசியில் அழைத்து, "சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற நேரத்தில் அதை ஏன் எடுத்தாய், யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்று ஏசினார். முதற்சோதனையில் "நல்லாயிருக்கு தம்பி" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர் அவர். மட்டையுடன் நாங்கள் போன நேரங்களில் எல்லாம் கமக்காரர்கள் வயலில் நின்றிருக்கிறார்கள். வீட்டிலிருந்தவர்களை வைத்துத்தான் அந்தக் கட்டத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். திகதியை யார் பதிவது என்று மாமாவிடம் கேட்டேன். கமக்காரர் அமைப்பு முறைகளை எழுதித் தரும் தாளைத் தானே படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மாலை, வயலால் வந்து குளித்துவிட்டு அவர் கதிரையில் இருக்கும் நேரம் பார்த்து, மட்டையுடன் அங்கே போகிறோம்.